வாரியம் தவறு செய்ததில்லை

வீட்டில் ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் அதில் எந்த இயங்குதளத்தை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது என்று தானே முடிவு செய்யக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். அப்படித் தானே முடிவு செய்த ஒருவர் ஒரு காலத்தில் மிகவும் வருந்தினாராம். அவர் யார், எதைப் போட்டார், எதற்காக வருந்தினார் என்பதற்கெல்லாம் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் அவருடைய வருத்தத்தின் மேல் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பி நின்றது. வாசலில் பித்தளை எழுத்தில் ‘வீட்டுச் சர்வர் இயங்குதளத் தேர்வு வாரியம்’ என்றும், அதன் கீழே சின்னதாக ‘அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள்’ என்றும் பதித்திருந்தார்கள்.

அக்காவுக்கு அந்த எழுத்தைப் படிக்க நேரமில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தவள், இரண்டரைக்குப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பேருந்தில் ஏறும் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஏற்றிவிட வரும் அப்பா அம்மாக்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர்கூட, அவளைவிடப் பத்து வயது மூத்தவர், ‘அக்கா, ஹாரனைக் கொஞ்சம் குறைச்சு அடிங்க’ என்பார். அவளை முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டவன் அவள் தம்பி. இப்போது அவன் ஒருவன்தான் கூப்பிடுவதில்லை.

தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று கதை பேசியே பயத்தைத் தெளிய வைப்பான். கதவு திறந்த பிறகும் கதை முடியட்டும் என்று சிலர் உள்ளேயே நின்றிருக்கிறார்கள். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் மூளையில் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சு முழுசாகப் போயிற்று. யார் என்ன சொன்னாலும் புரியும். திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். அதுக்கப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவா வரும். நீங்க ஒவ்வொரு வார்த்தையா, வாயசைவு நல்லாத் தெரியற மாதிரி வீடியோ எடுத்துக்கங்க. காலையில அவரு தெம்பா இருக்கும்போது அதைப் பாத்துப் பாத்துச் சொல்லணும். சாயங்காலம் வேண்டாம், மூளை களைச்சுப் போயிருக்கும்.”

காலையில் அக்கா பேருந்தில் இருப்பாள். போன் அவளோடு போய்விடும். வண்டி ஓட்டுபவரிடம் போன் இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. அவளும், அவள் சிநேகிதிகளும், லிஃப்ட் கம்பெனி ஆட்களும் சேர்ந்து முன்னூறு வார்த்தைகள் வீடியோ எடுத்தார்கள். ‘போர்வை’ என்று சொல்லும்போது எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டதால் அது மட்டும் பதினோரு முறை எடுக்க வேண்டியதாயிற்று. அதையெல்லாம் தம்பி படுத்திருக்கும் அறையில் உள்ள டிவியில், அவன் இடது கையால் ஒரே ஒரு பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும்.

வழி சொன்னவர் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் சார். கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி துடைத்துக் கொடுத்தார்.

“இதை வீட்டு மூலையில வெச்சிடுங்கக்கா. வீடியோ எல்லாம் இதுல இருக்கும், பட்டனை அழுத்தினா டிவிக்கு அனுப்பும். எந்நேரமும் ஓடிட்டே இருக்கும். அவ்வளவுதான், சர்வர்னா வேற ஒண்ணுமில்ல. ஆனா உள்ள இயங்குதளம் இல்ல. அது இருந்தாத்தான் இது கண்ணே முழிக்கும்.”

“நீங்களே போட்டுக் குடுத்திடுங்களேன் சார்.”

“அரை மணி நேர வேலைதான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா வாரியம் எதைப் போடணும்னு எழுத்துல குடுக்கணும். இல்லாம போட்டேன்னா என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க. பட்டன் மேல பாருங்க, முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கு.”

இப்படித்தான் அக்கா அரை மணி நேர வேலைக்காக வாரியத்துக்கு வந்தாள். ஆறு மாதத்தில் ஒன்றரை மாதம் அப்போது கழிந்திருந்தது.

முதல் கவுன்டரில் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்தார்கள். முதல் கேள்வி, ‘உங்கள் தேவை என்ன?’. அக்கா ‘என் தம்பி பேச வேண்டும்’ என்று எழுதினாள். மற்ற அறுபத்து மூன்றும் அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றிலும் ‘மேலே சொன்னதுதான்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

கவுன்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். “இது தேவை இல்லம்மா, ஆசை. தேவைன்னா கோப்புச் சேமிப்பு, காப்பு நகல், தொலைவிலிருந்து இயக்குதல். இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க.”

“தம்பி பேசறது அதுல எதுல வரும்?”

அந்த அம்மா பட்டியலைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். “தொலைவிலிருந்து இயக்குதல்ல போடறேன். நீங்க பஸ்ல இருப்பீங்க, அவரு வீட்டுல இருப்பாரு. பொருந்துது.” பிறகு படிவத்தின் கடைசி வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். “இதையும் கவனிச்சுக்கங்க. விண்ணப்பம் நிலுவையில இருக்கும்போது பென்டிரைவ், இரவல் டிவிப்பெட்டி இப்படி வேற வழியில நீங்க சமாளிச்சுட்டீங்கன்னா, உங்களுக்குத் தேவையே இல்லன்னு அர்த்தம். தள்ளுபடி ஆயிடும்.”

“சமாளிக்காம இருக்கணும்?”

“கஷ்டம் அப்படியே இருக்கணும்.”

இரண்டாம் மாடியில் ஆலோசனை அமர்வு. அதற்கு நாள் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. அறையில் மூன்று அதிகாரிகள் மூன்று மேசைகளில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நிலைத்தன்மை அதிகாரி, புதுமை அதிகாரி, கருந்திரை அதிகாரி என்று பலகைகள் இருந்தன. அக்கா எந்த மேசைக்கு முன்னால் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

“இங்க வாங்கம்மா,” என்றார் நிலைத்தன்மை அதிகாரி. கோட்டுப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். மூன்றும் மை தீர்ந்தவை. “நாங்க பரிந்துரைக்கிறது எல்லாம் பத்து வருஷப் பழசு. அதுல இருக்கிற கோளாறு அத்தனையும் எங்களுக்கு அத்துப்படி. ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிருக்கோம். புதுசுல என்ன கோளாறு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்,” என்றது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல். புதுமை அதிகாரி திரும்பாமலே பேசினார். “புதுசுல கோளாறே கிடையாது. இன்னிக்குக் காலையிலதான் வந்தது. கோளாறு வர்றதுக்கு அதுக்கு நேரமே கிடைக்கல. நேத்து வந்ததுல நிறைய இருந்துச்சு, அதை நான் நேத்தே சிபாரிசு பண்ணிட்டேன்.”

“ரெண்டுலயும் படம் தெரியும்,” என்று வருத்தத்தோடு சொன்னார் கருந்திரை அதிகாரி. “திரையில படம் தெரியுதுன்னாலே மனுஷன் கெட்டான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அதுபோதும். நான் மௌஸைத் தொட்டு ஒன்பது வருஷம் ஆச்சும்மா.”

“ஐயா, என் தம்பிக்கு வீடியோதான் பாக்கணும். வாயசைவு தெரியணும்.”

“எழுத்துல தெரியுமே! உதடு குவியும், உதடு விரியும்னு வெள்ளையா வரும்.”

அக்கா மூவரையும் கும்பிட்டாள். “ஏதாவது ஒண்ணு குடுங்க ஐயா. எதுவானாலும் பரவாயில்ல.”

மூன்று அதிகாரிகளும் பதினேழு வருடங்களில் முதல்முறையாக ஒரே நேரத்தில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எதுவானாலும் பரவாயில்லையா?” என்றார் நிலைத்தன்மை. “அப்ப நாங்க எதுக்கு?”

அக்காவின் கோப்பில் ‘மனப்பக்குவம் போதாது, வீட்டு ஆய்வு தேவை’ என்று எழுதப்பட்டது. மூவரும் கையெழுத்திட்டார்கள்.

வீட்டு ஆய்வாளர் ஒரு சனிக்கிழமை வந்தார். நல்ல மனிதர்; செருப்பை வாசலிலேயே விட்டு வந்தார். நாடாவால் கம்ப்யூட்டரின் உயரத்தை அளந்தார், அது இருந்த மூலையை அளந்தார், மூலைக்கும் தம்பியின் கட்டிலுக்கும் நடுவில் அளந்தார். தம்பி தலையணையில் சாய்ந்தபடி கண்ணாலேயே நாடாவைத் தொடர்ந்தான். பேச்சிருந்தால் இந்நேரம் ஆய்வாளருக்கே ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பான் என்று அக்காவுக்குத் தோன்றியது.

“சர்வர் ராத்திரியும் ஓடணும், தெரியுமில்ல?” என்றார் ஆய்வாளர்.

“சரிங்க.”

“ராத்திரி யார் பாப்பீங்க?”

“யாரும் பாக்க மாட்டோம். தூங்குவோம்.”

“அப்ப ராத்திரி அணைச்சு வெச்சா என்ன?”

“அணைச்சு வெச்சிடறோம் ஐயா.”

ஆய்வாளர் பேனாவை மூடினார். “அணைச்சு வெச்சா அது சர்வர் இல்ல. சாதாரணக் கம்ப்யூட்டர். அதுக்கு வேற வாரியம். அது பக்கத்துத் தெருவுல இருக்கு, நாலு வருஷமா பூட்டிக் கிடக்கு.”

“அப்ப அணைக்கல.”

“நல்லது.” மீண்டும் திறந்தார். “இன்னும் அஞ்சு வருஷத்துல உங்க குடும்பம் எவ்வளவு வளரும்?”

“நானும் தம்பியும்தான்.”

“இருபது மடங்குன்னு போட்டுக்கறேன். குறைச்சுப் போட்டா பின்னால இடம் பத்தாது.” கிளம்பும்போது கட்டிலருகே போய்த் தம்பியின் தோளில் கை வைத்தார். “சீக்கிரம் சரியாயிடும் தம்பி. அடுத்த ஆய்வு வர்றதுக்குள்ள நீங்களே எனக்குக் கதவு திறந்துவிடுவீங்க.” அடுத்த ஆய்வு எப்போது என்று அக்கா கேட்டாள். இரண்டு வருடம் கழித்து என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம்.

அக்கா தினமும் காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ‘கடவுளே, பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்’ என்று வேண்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். இப்போது அதோடு இன்னொரு வரியும் சேர்ந்தது. ஆனால் சேர்க்கும்போதே கூச்சமாக இருந்தது. இத்தனை அலுவலகங்கள் இருக்கும்போது கடவுளிடம் ஒரு மென்பொருளைக் கேட்பது முறையா என்று தெரியவில்லை. கேட்டாள். கடவுள் எங்கும் பெரிய கட்டடம் வைத்து டோக்கன் கொடுத்து வேலை பார்ப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் அகப்படுகிறவரை வைத்தே அவர் தம் காரியத்தை முடித்துக்கொள்கிறார். அக்காவுக்கு இது அப்போது தெரியாது.

நான்காம் மாதத்தில் முடிவு வந்தது. ‘மலைநாரை பதினேழு’ என்ற இயங்குதளத்தை வாரியம் தேர்ந்தெடுத்திருந்தது. தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த அன்று மலைநாரை பதினெட்டு வெளியாகிவிட்டது. பழையதைக் கொடுத்தால் புதுமைப் பிரிவு சம்மதிக்காது. புதியதைக் கொடுத்தால் நிலைத்தன்மைப் பிரிவு சம்மதிக்காது. கோப்பு முதல் மாடிக்கு இறங்கி, மறுபடியும் படியேறியது. ஐந்தாம் மாத நடுவில் ஒரு கடிதம் வந்தது: மலைநாரை பதினெட்டு பரிசீலிக்கப்படும், ஆனால் அதைப் பயன்படுத்தப்போகும் நபர் நேரில் வந்து, தாம் விரும்பும் இயங்குதளத்தின் பெயரைத் தம் வாயால் சொல்ல வேண்டும். பிறர் தூண்டுதலால் தேர்ந்தெடுப்பதைத் தடுக்க இந்த விதி. எழுதிக் காட்டுவதும் தலையசைப்பதும் செல்லாது.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடினாள்.

“அவனுக்குப் பேச வராதுங்க. பேச வைக்கத்தான் இதைக் கேக்கறோம்.”

“புரியுதும்மா,” என்றார் கவுன்டர் அம்மா. “பேச வந்ததும் கூட்டிட்டு வாங்க. உடனே குடுத்துடுவாங்க.”

“பேச வந்துட்டா இது எதுக்கு?”

“அப்ப தேவை இல்லன்னு எழுதிக் குடுத்தா கோப்பை முடிச்சிடலாம். ரெண்டுல எதுன்னாலும் உங்களுக்குச் சாதகம்தான்.”

இதற்கு மேல் பேச அக்காவுக்கு வாய் வரவில்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் பேச்சு இல்லை என்று அதுவரை நினைத்திருந்தாள்.

இருந்தாலும் தம்பியைக் கூட்டிப் போனாள். முதல் நாள் அவன் வர மறுத்துச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாலு பேர் முன்னால் வாய் கோணுவதை அவனால் தாங்க முடியவில்லை. அக்கா சட்டையை மாட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அன்று விசாரணை நடக்கவில்லை. கருந்திரை அதிகாரி விடுப்பு. மறுநாளும் இல்லை, தலைவருக்குத் திறப்பு விழா. இப்படி நான்கு வாரம் தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து, இரண்டே காலுக்குத் திரும்பினார்கள். வீட்டில் அந்த நேரத்தில் கொடுத்துவந்த கொஞ்சநஞ்சப் பயிற்சியும் போயிற்றே என்று அக்கா மனசுக்குள் வெந்தாள்.

காத்திருக்கும் கூடத்தில் இருபது முப்பது பேர் இருப்பார்கள். அதில் தையல்காரர் ஒருவர் தன் ரவிக்கை அளவுகளைச் சேர்த்துவைக்கச் சர்வர் கேட்டு இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தார். அளவெடுத்த பெண்கள் எல்லோரும் அதற்குள் பருத்துவிட்டதாகச் சொல்லுவார். பக்கத்தில் மருந்துக்கடைக்கார அம்மா. வாசலில் டோக்கன் கொடுக்கும் பெரியவர்.

“எதுக்குத் தம்பி வந்திருக்கீங்க?” என்று தையல்காரர் கேட்டதும் தம்பியின் முகம் இறுகியது. அக்கா சொன்னாள்.

“அவ்வளவுதானா? பேர்தானே சொல்லணும்? நாங்க எதுக்கு இருக்கோம்! வேலை வெட்டி இல்லாமத்தானே உக்காந்திருக்கோம்.” தையல்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தம்பிக்கு எதிரே முகத்தை நீட்டினார். “என் வாயைப் பாருங்க. மலைநாரை. ம… லை…”

“நீங்க வெத்தலை போட்ட வாயைக் காட்டினா அவரு பயந்துதான் போவாரு,” என்றார் மருந்துக்கடை அம்மா. “தள்ளுங்க. கண்ணு, என்னைப் பாரு.”

அன்று முதல் இது வழக்கமாயிற்று. ஒருவர் எழுந்து உள்ளே போனால் அடுத்தவர் அந்த நாற்காலிக்கு வருவார். இரண்டு நாளில் மலைநாரை அலுத்துப்போய், அவரவருக்குத் தோன்றியதை அவனிடம் பேச ஆரம்பித்தார்கள். தையல்காரர் வாடிக்கையாளர்களைப் பற்றிக் குசுகுசுத்தார். மருந்துக்கடை அம்மா டாக்டர்களின் கையெழுத்தைத் திட்டினார். டோக்கன் பெரியவர் நம்பர் கூப்பிடும்போது, “நாற்பத்தேழு! தம்பி, நீங்களும் சொல்லுங்க, நாற்பத்தேழு!” என்பார். தம்பி வாயைத் திறப்பான். காற்றுதான் வரும். சில நாள் ‘ந்’ என்று ஒரு முனகல் வரும். கூடமே கைதட்டும். மறுநாள் அதுவும் வராது. அப்போது மருந்துக்கடை அம்மா அவன் வாயோரம் வழிவதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவார்.

ஆறு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

பெரிய அறை. மேடையில் நடுவில் தலைவர். இருபுறமும் மூன்று அதிகாரிகள், இங்கேயும் முகத்தை வேறு வேறு பக்கம் திருப்பியபடி. ஓரத்தில் எழுத்தர். விண்ணப்பதாரர் விசாரணை முடியும்வரை நிற்க வேண்டும் என்பது விதி. தம்பி உட்கார்ந்திருக்கலாமா என்று சிறிது நேரம் விவாதித்துவிட்டு, நாற்காலி அவனுடைய சொந்த நாற்காலி என்பதால் அனுமதித்தார்கள். அக்கா காலை ஐந்து மணியிலிருந்து கிளட்ச்சை மிதித்த காலோடு நின்றாள்.

தலைவர் முதலில் பேசினார். யார் வந்தாலும் பேசுவாராம்.

“இந்த வாரியம் தொடங்கிப் பதினேழு வருஷம் ஆகுது. இன்னிக்கு வரைக்கும் ஒரு தவறான இயங்குதளத்தைக்கூட நாங்க யாருக்கும் குடுத்ததில்ல. இந்தப் பெருமை உலகத்துல வேற எந்த வாரியத்துக்கும் கிடையாது.”

“சரியானது எத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க ஐயா?” என்று அக்கா கேட்டாள். குத்தலாக இல்லை; தன் முறை எப்போது வரும் என்று கணக்குப் போடத்தான் கேட்டாள்.

“குடுத்தாத்தானேம்மா தவறு வரும்?” தலைவர் பொறுமையாகச் சொன்னார். “யோசிச்சுப் பாருங்க. இந்தக் கட்டடத்துல ஒரு சர்வர்கூடக் கிடையாது. ஏன்? எதைப் போடறதுன்னு எங்களுக்குள்ள இன்னும் முடிவாகல. எல்லாம் காகிதத்துலதான் எழுதறோம். எங்களுக்கே செஞ்சுக்காத ஒண்ணை உங்களுக்குச் செய்ய மாட்டோம். அவ்வளவு நேர்மை. மக்கள் எங்களைத் தேடி வராங்க, வந்துக்கிட்டே இருக்காங்க. திருப்தி ஆகிட்டா வருவாங்களா?”

மூன்று அதிகாரிகளும் மேசையைத் தட்டினார்கள்.

அங்கிருந்து பேச்சு வாரியத்தின் தொடக்க காலத்துக்குப் போயிற்று. அந்த வருத்தப்பட்ட மனிதரைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். கடிகாரத்தில் ஒன்றரை ஆயிற்று. ஒன்றே முக்கால் ஆயிற்று. அக்கா எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றினாள், வலதிலிருந்து இடதுக்கு மாற்றினாள். சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. தம்பி தலைவரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, அந்த விரல்களையும் பிறகு அக்காவின் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பயனாளி இப்போது தாம் விரும்பும் இயங்குதளத்தின் பெயரைச் சொல்லலாம்,” என்றார் எழுத்தர், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு. “ஒரே ஒரு வாய்ப்பு. சொல்வது அப்படியே பதிவாகும்.”

கதவிடுக்கில் தையல்காரரின் தலை தெரிந்தது. அதன் மேலே மருந்துக்கடை அம்மாவின் தலை. “ம…” என்று அந்த அம்மா சத்தமில்லாமல் உதட்டைக் குவித்துக் காட்டினார்.

தம்பி வாயைத் திறந்தான். முகத்தின் ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை நாற்காலியின் கையைத் தட்டியது, ஒருமுறை, இருமுறை.

“உ… உக்…”

அக்கா குனிந்து அவன் வாயையே பார்த்தாள்.

“உக்கா… ரு,” என்றான். பிறகு, அவளை நிமிர்ந்து பார்த்து, “க்கா. உக்காரு.”

அவன் சொன்னது இன்னதென்று அக்காவுக்கு உடனே உறைக்கவில்லை. மேடைக்கு உறைத்துவிட்டது.

“என்ன சொன்னாரு?” என்று தலைவர் எழுத்தரைக் கேட்டார்.

“உக்காரு, ஐயா.”

“பதிவு செய்யுங்க.”

எழுத்தர் ‘பயனாளி தேர்ந்தெடுத்த இயங்குதளம்: உக்காரு’ என்று எழுதி, தடித்த பட்டியலைப் புரட்டினார். “இந்தப் பேர்ல எதுவும் இல்லையே ஐயா.”

“பழசுல இருக்கும்,” என்றார் நிலைத்தன்மை அதிகாரி. “ஒரு தடவை போட்டா எழுந்திருக்காத வகை. கேக்கும்போதே தெரியுதே.”

“அது இன்னிக்குக் காலையில வந்தது,” என்றார் புதுமை அதிகாரி. “நான் இறக்கிப் பாத்துட்டேன். ரொம்ப வேகம்.”

“ஒரே வார்த்தைக் கட்டளை. படம் கிடையாது, அலங்காரம் கிடையாது,” கருந்திரை அதிகாரியின் கண் கலங்கியது. “இந்த வாரியத்துல இப்படி ஒரு மனுஷனைப் பார்ப்பேன்னு நான் நினைக்கல.”

“ஐயா,” என்றாள் அக்கா. “அவன் என்னை உக்காரச் சொல்றான்.”

“பிறர் குறுக்கிட்டு விளக்கம் சொல்வது செல்லாதும்மா.” தலைவர் கையை உயர்த்தினார். “பதினேழு வருஷத்துல முதல் தடவையா ஒரு பயனாளி, வாரியத்துக்கே தெரியாத இயங்குதளத்தைச் சொல்லியிருக்காரு. இதை விட்டுட முடியாது. துணைக்குழு அமைக்கிறேன். உக்காரு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, யார் எழுதினது, நம்பத் தகுந்ததான்னு ஆராய்ஞ்சு அறிக்கை குடுக்க ஆறு மாசம். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் மேல இருக்கிற முத்திரைச் சீட்டை யாரும் தொடக் கூடாது.”

அக்கா முத்திரைச் சீட்டைப் பற்றி நினைக்கவில்லை. உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் மேடைக்கு இந்தப் பக்கம் நாற்காலியே இல்லை. அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டோக்கன் பெரியவர் உள்ளே வந்தார். வாசலில் அவர் உட்காரும் முக்காலி, ஒரு கால் குட்டையானது, அவர் கையில் இருந்தது. அனுமதி இல்லாமல் உள்ளே வருவது குற்றம் என்று எழுத்தர் சொன்னார். “ஆமாங்க,” என்றார் பெரியவர். முக்காலியை அக்காவுக்குப் பின்னால் வைத்து, சாயாமல் இருக்கக் குட்டைக் காலுக்கு அடியில் டோக்கன் சீட்டுக் கட்டு ஒன்றைச் செருகினார்.

“உக்காருங்க அக்கா. தம்பி சொல்றாருல்ல.”

அக்கா உட்கார்ந்தாள். தம்பியின் முகத்தில் சிரிப்பு ஒரு பக்கமாக மட்டும் வந்தது. அவளை விரலால் எழச் சொல்லிச் சைகை காட்டினான். அவள் எழுந்தாள்.

“உக்காரு,” என்றான்.

மேடையில் துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்பதில் குரல்கள் உயர்ந்தன. நிலைத்தன்மை எழுந்து நின்றது. புதுமையும் எழுந்து நின்றது. பள்ளி விட இன்னும் அரை மணி நேரம் இருந்தது, பேருந்து நிறுத்தியிருந்த இடத்துக்குப் போகப் பத்து நிமிடம். மருந்துக்கடை அம்மா கதவருகே கைக்குட்டையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி நான்காவது முறையாகச் சொன்னான். அக்கா நான்காவது முறையாக உட்கார்ந்தாள்.